நீண்ட இரவின் திருநாள்: யூல் விழாவும் உத்தராயணமும்

விழா எடுக்காத சமுதாயம் உலகில் எங்கும் இல்லை எனலாம். விழாக்களுட் சில அறுவடையை ஒட்டியவை, சில அருளாளர்களின் நினைவை ஒட்டியவை, வேறு சில வானத்தை ஒட்டியவை. வானத்தை ஒட்டிய விழாக்களுள் மிகப் பழமை வாய்ந்தது, ஆண்டின் மிக நீண்ட இரவை முன்னிட்டு எடுக்கப்படும் விழாவாகும். வட ஐரோப்பிய மக்கள் இதனை ‘யூல்’ என அழைத்தனர். நோர்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் இன்றும் நத்தார்ப் பண்டிகைக்கு ‘யூல்’ என்பதே பெயர். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல அந்நாடுகளில் வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் மார்கழி மாதத்தில் பள்ளிக்கூடங்களில் விளக்கேந்திப் பாடும் விழாவின் வேர் எது என்பதை ஊரிலுள்ள பெற்றோரும் பேரன்மாரும் பேத்திமாரும் அறிந்திருத்தல் பயனுடையதாகும்.

சூரியன் நிற்கும் நாள்

பூமி நேராக நின்று சுழல்வதில்லை. ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்த நிலையிலேயே சூரியனைச் சுற்றி வருகின்றது. இச்சாய்வின் காரணமாகவே பருவங்கள் உண்டாகின்றன. டிசம்பர் 21 அல்லது 22ஆந் திகதி சூரியன் தெற்கே மகரக் கோட்டிற்கு நேர் மேலே நிற்கும். அன்று பூமியின் வடபாதியில் பகல் மிகக் குறுகியும் இரவு மிக நீண்டும் இருக்கும். அதன்பின் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதாகத் தோன்றும். இத்திரும்புதலையே தமிழில் கதிர்த்திருப்பம் என்பர். இலத்தீன் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லின் பொருள் ‘சூரியன் நிற்றல்’ என்பதாகும். அந்நாட்களில் சூரியன் உதிக்கும் இடம் நாளுக்கு நாள் நகராது, சில தினங்கள் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றுவதே இதற்குக் காரணம்.

எமது நாடு மத்திய கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் இவ்வேறுபாடு பெரிதாக உணரப்படுவதில்லை. யாழ்ப்பாணத்தில் அன்றைய பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலம். ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் இதற்கும் இடையில் ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசமே உண்டு. ஒஸ்லோ நகரிலோ அன்று பகல் ஆறு மணித்தியாலத்திற்கும் சற்றுக் குறைவு. ஆட்டிக் வட்டத்திற்கு வடக்கே உள்ள துரும்சோ நகரில் நவம்பர் மாத இறுதி தொடக்கம் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்திற்கு மேலே வருவதேயில்லை. நண்பகலில் சிறிது நேரம் நீல வெளிச்சம் பரவும். அவ்வளவே அங்கு பகல்.

மின்சாரம் இல்லாத காலத்தில், பனி மூடிய நிலத்தில், இத்தகைய இருளில் வாழ்ந்த மக்களுக்குச் சூரியன் திரும்புமா என்பது புத்தகக் கேள்வியன்று. சேமித்த தானியம் போதுமா, மாடுகளுக்கு வைத்த புல் போதுமா, முதியவர்களும் குழந்தைகளும் அடுத்த இளவேனிலைக் காண்பார்களா என்பவை எல்லாம் அந்த ஒரு கேள்வியினுள் அடங்கியிருந்தன.

யூல் என்னும் பெருவிழா

‘யூல்’ என்ற சொல் மிகப் பழையது. கி.பி. 725இல் இங்கிலாந்துத் துறவியான பீட் என்பவர் காலக்கணிப்புப் பற்றி எழுதிய நூலில், கிறிஸ்தவத்திற்கு முந்திய ஆங்கில மக்கள் டிசம்பர், ஜனவரி ஆகிய இரு மாதங்களையும் இச்சொல்லின் பழைய வடிவத்தால் அழைத்தனர் என்று குறிப்பிடுகின்றார். டிசம்பர் 25ஆந் திகதிக்குரிய இரவை அவர்கள் ‘அன்னையரின் இரவு’ என்று போற்றினர் என்பதும் அவர் தரும் செய்தியாகும். ஆகவே ஆதியில் யூல் என்பது ஒரு தனிநாளன்று; ஒரு பருவத்தின் பெயர் என்பது தெளிவு.

வட ஐரோப்பாவில் அப்பருவம் விருந்திற்கு உரிய காலமாகவும் அமைந்தது. பனிக்காலம் முழுவதற்கும் எல்லா விலங்குகளுக்கும் தீவனம் இடல் இயலாது. எனவே ஒரு பகுதியை இறைச்சியாக்கி உப்பிட்டு வைத்தனர். அறுவடைத் தானியத்திற் காய்ச்சிய பியரும் அவ்வேளையிலேயே பதமாகும். புலாலும் மதுவும் சைவ மரபுக்கு ஏற்புடையன அல்ல. எனினும் நெல்லும் காய்கறியும் ஆண்டு முழுவதும் விளையாத அந்தக் குளிர்நிலத்தில் அவை உயிர் காக்கும் உணவாக இருந்தன என்பதை மனதிற் கொள்ளல் வேண்டும்.

யூல் இரவில் ஒரு பன்றியைக் கொணர்ந்து, அதன் மேற் கைவைத்து ஆண்டிற்குரிய சபதங்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பழைய ஐஸ்லாந்துக் கதைகளிற் கூறப்படுகின்றது. இருள் மிகுந்த இரவிலேயே வரும் ஆண்டின் செயலுக்கு வாக்குக் கொடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

தீயும் பச்சைக் கொப்பும்

இவ்விழாவின் உயிர்நாடி தீயாகும். பெரிய மரக்குற்றி ஒன்றை வீட்டிற்குக் கொணர்ந்து அடுப்பங்கணப்பில் இட்டு எரிக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இருந்தது. ‘யூல் மரக்குற்றி’ என்பது அதன் பெயர். குற்றி முழுவதையும் எரித்துவிடுவதில்லை. ஒரு துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்து, அடுத்த ஆண்டுக் குற்றியை அதனாலேயே மூட்டுவர். சென்ற ஆண்டின் நெருப்பே இவ்வாண்டின் நெருப்பைப் பிறப்பிக்கின்றது என்பது அதன் கருத்து. சாம்பலை வயலில் தூவினால் பயிர் செழிக்கும் என்ற நம்பிக்கையும் நிலவியது. திறந்த அடுப்புகள் வீடுகளில் அருகிய பின்னர், பிரான்ஸ் நாட்டில் மரக்குற்றி வடிவில் கேக் செய்து உண்ணும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் உண்டாயிற்று. எரித்த பொருள் தின்பண்டமாக மாறிய போதிலும் அதன் வடிவம் மாறவில்லை.

மற்றையது பச்சை இலை. மரங்கள் யாவும் இலையுதிர்ந்து நிற்கும் காலத்தில் பசுமை மாறாத சில செடிகளின் கொப்புகளை வீட்டு வாயிலிற் கட்டுவர். எமது ஊர்களில் மாவிலைத் தோரணம் மங்கலத்தைக் குறிப்பது போல, அங்கே பட்டுப்போகாத உயிரை அவை குறிக்கின்றன.

ஒருவரையும் விடாத இரவு

யூல் வழக்கங்களுள் மனதைத் தொடுவன சிறிய வழக்கங்களே. நோர்வே நாட்டு விவசாயிகள் அறுவடையின் போதே நல்ல தானியக் கதிர்க்கட்டு ஒன்றைத் தனியே எடுத்து வைப்பர். யூல் காலத்தில் அதனை ஒரு கம்பத்தின் உச்சியிற் கட்டிப் பறவைகளுக்கு விடுவர். இவ்வழக்கம் இன்றும் அங்கு காணப்படுகின்றது. மாட்டுக் கொட்டிலைக் காக்கும் சிறு தெய்வம் ஒன்று உண்டென நம்பி, அதற்கு ஒரு கிண்ணம் பாற்கஞ்சியும் மேலே சிறிது வெண்ணெயும் வைப்பர். கால்நடைகளுக்கும் அன்று கூடுதல் தீனி கொடுக்கப்படும்.

அன்றிரவு இறந்துபோன முன்னோர் வீடு திரும்புவர் என்ற நம்பிக்கையும் இருந்தது. எனவே உணவு மேசையைத் துடைக்காது, உண்டியை அவர்களுக்காக அப்படியே விட்டுவைப்பர். கட்டில்களையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, வீட்டார் யாவரும் நிலத்தில் வைக்கோல் பரப்பி உறங்குவர். எஜமானும் வேலையாளும் அந்த ஓர் இரவில் ஒரே வைக்கோலில் அருகருகே படுத்தனர். பறவை, மாடு, வேலையாள், முன்னோர் எனப் பங்கு பெறாதார் எவரும் இல்லை. உணவு குறைந்த காலத்திலேயே இப்பகிர்வு நடந்தது என்பதுதான் இதன் சிறப்பு.

நாள் மாறிய கதை

10ஆம் நூற்றாண்டில் நோர்வேயை ஆண்ட ஹாக்கோன் என்னும் அரசன் இங்கிலாந்து அரசவையில் வளர்ந்தவன். கிறிஸ்தவனாகத் தாயகம் திரும்பியவன். மக்களோ பழைய சமயத்தினர். மன்னன் யூல் விழாவை நிறுத்தவில்லை. நாளை மட்டும் மாற்றினான். கிறிஸ்தவர் நத்தார் கொண்டாடும் வேளையிலேயே யூலும் தொடங்க வேண்டுமெனச் சட்டம் இயற்றினான். ஒவ்வொருவரும் குறித்த அளவு தானியத்தில் பியர் காய்ச்ச வேண்டும், தவறினால் தண்டம், பியர் முடியும்வரை விடுமுறை என்பனவும் அச்சட்டத்தில் அடங்கியிருந்தன. 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி என்னும் ஐஸ்லாந்து அறிஞர் எழுதிய அரசர் வரலாறு இதனைத் தெரிவிக்கின்றது. அதற்கு முன்னர் நடுப்பனிக்கால இரவிலேயே யூல் தொடங்கி மூன்று இரவுகள் நடைபெற்றது என்றும் அவர் எழுதியுள்ளார். அவ்விரவு ஜனவரி நடுப்பகுதியை ஒட்டியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆகவே யூல் என்றாலே டிசம்பர் 21 என இன்று பலர் எண்ணுவது முழுவதும் பொருந்தாது. வான நிகழ்ச்சி ஒரு நாளில் நிகழ்கின்றது. விழாவோ நாட்டுக்கு நாடு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு முன்னும் பின்னும் நகர்ந்துள்ளது.

இதற்கு மற்றுமோர் உதாரணம் சுவீடன் நாட்டின் லூசியா திருநாள். லூசியா என்பவர் இத்தாலியின் சிசிலித் தீவில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமயத்திற்காக உயிர் துறந்தவர். அவர் பெயரில் ஒளியைக் குறிக்கும் சொல் அடங்கியுள்ளது. அவருக்குரிய நாள் டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஏற்பட்ட பிழை காரணமாக, 14ஆம் நூற்றாண்டளவில் ஆண்டின் மிக நீண்ட இரவு அந்தத் திகதியிலேயே வந்தது. பின்னர் நாட்காட்டி திருத்தப்பட்டது. நோர்வே 1700இலும் சுவீடன் 1753இலும் புதிய கணிப்புக்கு மாறின. சூரியன் திரும்பும் நாள் 21க்குப் போய்விட்டது. லூசியாவின் விளக்கு 13இலேயே நின்றுவிட்டது. மக்கள் அதனை அணைக்கவில்லை.

அந்நாளில் விடியுமுன் ஒரு பெண்பிள்ளை வெள்ளை ஆடையும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம் தாங்கி முன்செல்வாள். ஏனைய பிள்ளைகள் கையில் விளக்குடன் பாடிக்கொண்டு பின்தொடர்வர். குங்குமப்பூ இட்ட மஞ்சள் நிறப் பனிஸ் எல்லோருக்கும் வழங்கப்படும். இவ்வூர்வலம் பற்றிய பழைய குறிப்பு 1764ஆம் ஆண்டுக்குரியது. 1927இல் ஸ்ரொக்ஹோம் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியின் பின் இது நாடு முழுவதும் பரவியது. நோர்வேயின் பாலர் பாடசாலைகளிலும் இன்று இது நடைபெறுகின்றது. புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இதிற் பங்குகொள்கின்றனர். திருவெம்பாவைக் காலத்தில் வைகறையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவலம் வந்து வளர்ந்த பெற்றோருக்கு, விடியலுக்கு முன் பாடிச் செல்லும் இந்த ஊர்வலம் முற்றிலும் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

ஏனைய நாடுகளில்

அயர்லாந்தில் நியூகிறேஞ்ச் என்னும் இடத்தில் ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கல்லறை மண்டபம் ஒன்று உண்டு. வாயிலுக்கு மேலே ஒரு சிறு துவாரம் விடப்பட்டுள்ளது. கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாட்களில் மட்டும், உதயசூரியனின் கதிர் அத்துவாரத்தினூடாக 19 மீற்றர் நீளமான ஒடுங்கிய வழியைக் கடந்து உள்ளறையைத் தொடுகின்றது. சுமார் 17 நிமிடங்களில் மீண்டும் இருள் சூழும். 1967 டிசம்பரில் பேராசிரியர் மைக்கல் ஓ கெலி இதனை உள்ளே நின்று கண்டார். எமது கோயில்கள் சிலவற்றில் குறித்த நாட்களில் சூரிய ஒளி மூலமூர்த்தி மீது படுமாறு அமைத்த சிற்பிகளின் அறிவை இது நினைவூட்டும்.

ஈரானில் இவ்விரவு ‘யல்தா’ எனப்படும். குடும்பத்தவர் மூத்தோர் வீட்டிற் கூடி, மாதுளையும் வத்தகப்பழமும் உண்டு, கவிஞர் ஹாபிஸின் பாடல்களைப் படித்து நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பர். 2022இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. சீனாவில் இந்நாளில் குடும்பம் ஒன்றுகூடித் தெற்கே அரிசிமா உருண்டைகளும் வடக்கே கொழுக்கட்டை போன்ற பண்டமும் உண்பர். ஜப்பானியர் பூசணிக்காய் உண்டு, நறுமண எலுமிச்சை வகை மிதக்கும் வெந்நீரில் நீராடுவர்.

பூமியின் தென்பாதியில் நீண்ட இரவு ஜூன் மாதத்தில் வரும். பேரு நாட்டின் குஸ்கோ நகரில் இன்கா மக்களின் சூரிய விழா 1944 முதல் மீண்டும் நடத்தப்படுகின்றது. அதுவும் கதிர்த்திருப்ப நாளிலன்றி ஜூன் 24இலேயே இடம்பெறுகின்றது. பழைய வட ஐரோப்பியத் தெய்வங்களை மீண்டும் வழிபடுவோரும் இன்று உளர். ஐஸ்லாந்தில் அவர்களின் சங்கம் 1973இல் அரச அங்கீகாரம் பெற்றது. அவர்கள் கதிர்த்திருப்பத்தை ஒட்டி யூல் வழிபாடும் பொது விருந்தும் நடத்துகின்றனர்.

உத்தராயணம் தள்ளிப்போனது ஏன்?

சூரியன் வடதிசை நோக்கிச் செல்லும் ஆறு மாதமும் உத்தராயணம் என்பதும், அது தேவர்களுக்குப் பகற்பொழுது என்பதும் சைவப் பெருமக்கள் அறிந்ததே. மார்கழி அத்தேவர்களின் வைகறைப் பொழுது. தைப் பிறப்பே உத்தராயணத் தொடக்கம் எனப் பஞ்சாங்கம் கூறும். ஆனால் சூரியன் டிசம்பர் 21, 22இலேயே திரும்பிவிடுகின்றதே, தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருவதேன் எனப் பிள்ளைகள் கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறாது விட்டால் பஞ்சாங்கமே பிழை என அவர்கள் எண்ணக்கூடும்.

பூமியின் அச்சு, சுழலும் பம்பரம் தலையாட்டுவது போல மிக மெதுவாகத் தலையாட்டுகின்றது. இதனால் சூரியன் திரும்பும் இடம் நட்சத்திரங்களுக்கு இடையே ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கின்றது. மேல்நாட்டு நாட்காட்டி பருவத்தைப் பின்பற்றுகின்றது. எமது பஞ்சாங்கம், வாக்கியமாயினும் திருக்கணிதமாயினும், நட்சத்திரங்களை ஆதாரமாகக் கொண்டு சூரியன் மகர ராசியிற் புகும் நாளையே தை முதல் நாளாகக் கொள்கின்றது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. அன்று தொட்டு இன்று வரை சேர்ந்த வித்தியாசம் ஏறத்தாழ 24 பாகை. இதுவே அயனாம்சம் எனப்படுவது. 24 நாள் இடைவெளிக்குக் காரணமும் இதுவே.

இது முன்னோர் அறியாததன்று. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், பழைய நூல்கள் கூறும் இடத்திலன்றி வேறிடத்திலேயே தம் காலத்தில் சூரியன் திரும்புகின்றது எனத் தமது நூலிற் பதிந்துள்ளார். சந்தேகம் உள்ளவர் வானத்தைப் பார்த்துத் தெளியலாம் என்பது அவர் காட்டிய வழி.

அவ்வழியை எவரும் பின்பற்றலாம். கிழக்கு வெளியாக உள்ள கோயில் வீதியில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று சூரியன் எந்தப் பனைக்கு அல்லது எந்தக் கூரைக்கு மேலே உதிக்கின்றது என்று பிள்ளைகள் கொப்பியிற் குறித்து வரட்டும். மார்ச், செப்டெம்பர் மாதங்களின் மூன்றாம் வார முடிவில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும். டிசம்பரில் தென்கோடியையும் ஜூனில் வடகோடியையும் அடையும். இரு கோடிகளுக்கும் இடையே 47 பாகையளவு தூரம் உண்டு. ஓர் ஆண்டில் அப்பிள்ளைகள் உத்தராயணத்தைத் தம் கண்ணாலேயே கண்டுவிடுவர்.

திரும்பிய பின்னும் குளிரும்

இவ்விழாக்கள் யாவற்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. சூரியன் திரும்பியதும் குளிர் குறைவதில்லை. நிலமும் கடலும் சேமித்த வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், வட ஐரோப்பாவில் கடுங்குளிர் ஜனவரியிலும் பெப்ரவரியிலுமே வரும். பகல் நீள நீளக் குளிரும் கூடும் என்பது இங்கிலாந்தில் வழங்கும் பழமொழியின் கருத்து. ஆகவே யூல் கொண்டாடியோர் துன்பம் தீர்ந்துவிட்டதென்று கொண்டாடவில்லை. துன்பத்தின் கடினமான பகுதி இனித்தான் வரும் என்பதை அறிந்தே கொண்டாடினர். இருள் இனி வளராது என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அந்த ஒரு நம்பிக்கையில் தீ மூட்டினர், பறவைக்குக் கதிர் கட்டினர், வேலையாளுடன் வைக்கோலிற் படுத்தனர்.

பாரதத்திலே பீஷ்மர் அம்புப் படுக்கையில் 58 இரவுகள் உத்தராயணத்திற்காகக் காத்திருந்தார். அக்காலத்தை அவர் புலம்பிக் கழிக்கவில்லை. தருமருக்கு அறம் உரைத்தே கழித்தார். காத்திருத்தலும் ஒரு கடமையே என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

1980களில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்தனர். வெயிலிற் பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு மாதம் சூரியனையே காணாது வேலைக்குச் சென்று வந்தனர். துரும்சோ நகரில் நீண்ட இருளின் பின் ஜனவரி 21ஆந் திகதியளவில் மலைகளுக்கு மேலே சூரியன் மீண்டும் தலைகாட்டும். அன்று பிள்ளைகள் வெளியே வந்து வரவேற்பர். சூரியப் பனிஸ் எனப் பெயரிட்ட இனிப்புப் பண்டத்தை எல்லோரும் உண்பர். ஊரிலே பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழிந்திருக்கும். இங்கு முற்றத்திற் கோலமிட்டுப் பானை வைத்துக் கைகூப்பி வணங்கும் அதே சூரியனையே அங்கும் காத்திருந்து காண்கின்றனர்.

நாட்கள் நகரலாம், நாட்காட்டிகள் மாறலாம். இருளில் விளக்கேற்றுவதும், உள்ளதைப் பகிர்வதும், விடியும் என நம்பி விடியுமுன் எழுவதும் மாறாதிருக்க வேண்டும். தூரதேசங்களில் நீண்ட இரவைக் கடந்துகொண்டிருக்கும் பிள்ளைகளையும், அவர்களின் வரவை எண்ணி ஊரிலே விளக்கேற்றி இருக்கும் பெற்றோரையும் எல்லாம் வல்ல இறைவன் ஒளி குன்றாது காத்தருள்வானாக.